ஏஎம்டி காரில் பிளஸ் எந்தப் பக்கம்?

ஏஎம்டி என்றால் கிளட்ச் பெடல் இல்லாமல் கியரைத் தானே மாற்றும் கார். இவற்றில் பெரும்பாலானவற்றில் கியர் லீவரை ‘டி’யிலிருந்து (தானாகக் கியர் மாறும் டிரைவ் மோடு) பக்கவாட்டில் நகர்த்தினால் ‘எம்’, அதாவது மேனுவல் மோடு. அங்கிருந்து முன்னால் தட்டினால் கியர் ஏறுமா (பிளஸ்), இறங்குமா (மைனஸ்) என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சையும் கியரையும் இயக்குவது ஆக்சுவேட்டர், அதாவது கம்ப்யூட்டர் சொல்படி அசையும் கருவி. லீவர் வெறும் சுவிட்ச் என்பதால் பிளஸை எந்தப் பக்கமும் வைக்கலாம்.

பிரேக் பிடித்தால் உடம்பு முன்னால் சாயும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்னால் போகும். ஆகவே முன்னால் மைனஸ், பின்னால் பிளஸ் என்பதே கைக்கு இயல்பு. பிஎம்டபிள்யூ, மஸ்தா ஆட்டோமேட்டிக்குகள் இப்படித்தான். ஃபோக்ஸ்வேகன் நேர் எதிர். எனவே பழைய காரின் பழக்கத்தை நம்ப வேண்டாம். லீவர் அருகே உள்ள + − குறியைப் பாருங்கள்.

பிறகு காலியான சமதளச் சாலையில், 30 கி.மீ. வேகத்தில் ‘எம்’முக்கு மாற்றுங்கள். மீட்டரில் கியர் எண் வரும். பிளஸ் பக்கம் ஒரு தட்டு, விட்டுவிடுங்கள். லீவர் தானே நடுவுக்குத் திரும்பும். ஒரு தட்டுக்கு ஒரு கியர். ஏற்றும்போது ஆக்சிலரேட்டரைச் சற்றுத் தளர்த்தினால் தலை ஆடாது. மைனஸ் தட்டியும் எண் இறங்கவில்லையா? அந்த வேகத்துக்கு அந்தக் கியர் போட்டால் ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) எல்லை மீறும் என்று கம்ப்யூட்டர் மறுக்கிறது. பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு மறுபடி தட்டுங்கள்.

இது உண்மையில் உதவுவது இறக்கத்தில். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கினால் 36 கொண்டை ஊசி வளைவுகள். ‘டி’யில் விட்டால் கியர்பாக்ஸ் மேல் கியருக்குத் தாவும், எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிப்பது குறையும், பாரம் பிரேக்கில் விழுந்து அது சூடேறும். இறக்கம் தொடங்கும் முன்பே 2, மிகச் செங்குத்தான இடத்தில் 1. கியர் மாறும் அந்த ஒரு கணம் கிளட்ச் விலகியிருப்பதால் வண்டி தளர்ந்து ஓடும். ஆகவே வளைவுக்குள் போய்த் தட்டாதீர்கள்.

தவறிப்போய்ப் பிளஸ் பக்கம் தட்டிவிட்டால் முதலில் பிரேக். வேகம் குறைந்ததும் மைனஸ், எண் பழையபடி 2 காட்டும்வரை பிரேக்கிலிருந்து காலை எடுக்க வேண்டாம்.