கார்டு மெஷினில் யாராவது கை வைத்திருக்கிறார்களா? கண்டுபிடிப்பதும் அடுத்துச் செய்வதும்

கார்த்திகை பிறந்தால் மகர விளக்கு வரை செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு சாலையில் ஓட்டல், பெட்ரோல் பங்க், சிப்ஸ் கடை என்று எங்கும் கல்லாவில் கூட்டம் குறையாது. ஒரு நாளில் கார்டு மெஷின் பத்துக் கை மாறும். சீசனுக்கு மட்டும் வந்த பையன்கள் பில் போடுவார்கள். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் மறுபடி அந்தப் பக்கம் வருவதில்லை. மெஷினில் கை வைக்க நினைப்பவனுக்கு இதைவிட வசதியான நேரம் கிடையாது. ஆகவே கீழே உள்ள முதல் இரண்டு படிகளை ஐப்பசியிலேயே முடித்துவிடுங்கள்.

அதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். வங்கி தரும் மெஷினுக்குள் தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. மூடியைத் திறந்தாலோ துளை போட்டாலோ உள்ளே இருக்கும் ரகசியச் சாவிகள் (கார்டு விவரத்தைப் பூட்டும் எண்கள்) உடனே அழிந்துவிடும், மெஷின் செத்துவிடும். இது தெரிந்தவன் மெஷினைத் திறக்கவே மாட்டான். கார்டு விவரத்தையும் பின் நம்பரையும் திருட, கீபேட் மேல் அதே மாதிரி இன்னொரு கீபேடை ஒட்டுவான், கார்டு நுழையும் வாய்க்குள் மெல்லிய தகடு ஒன்றைச் செருகுவான், இல்லையென்றால் மெஷினையே மாற்றி வைப்பான். இவற்றில் எதையும் மெஷின் உணராது. உள்ளே நடப்பதை அது பார்த்துக்கொள்ளும், வெளியே நடப்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

படி 1: மெஷினுக்கு ஒரு ஜாதகம்

ஒரு நோட்டுப் போடுங்கள். கம்பெனி, மாடல், சீரியல் நம்பர், சீட்டில் அச்சாகும் டி.ஐ.டி. எண் (வங்கி அந்த மெஷினுக்குத் தந்த அடையாள எண்), எந்தக் கல்லாவில் இருக்கிறது, இந்த ஐந்தும் ஒவ்வொரு மெஷினுக்கும் வேண்டும். கார்டு பாதுகாப்புக்கான பி.சி.ஐ. விதிகளும் மாடல், இடம், சீரியல் நம்பர் அடங்கிய பட்டியலைக் கேட்கின்றன. பிறகு ஆறு பக்கமும் போட்டோ எடுங்கள். கார்டு வாயையும் கீபேடையும் டார்ச் அடித்துக் கிட்டத்தில் எடுங்கள். புதிதாக வந்த அன்றே எடுத்த போட்டோதான் பின்னால் ஒப்பிட உதவும். சந்தேகம் வந்த பிறகு எடுத்தால், ஒட்டியிருப்பதையும் சேர்த்தே எடுத்திருப்பீர்கள்.

அடுத்து எடை. பேப்பர் ரோலைக் கழற்றிவிட்டு கடைத் தராசில் வைத்து, கிராம் கணக்கில் நோட்டில் எழுதுங்கள். ரோல் ஓட ஓட எடை மாறும் என்பதால்தான் அதைக் கழற்றச் சொல்கிறோம். மேலே ஒட்டும் போலிக் கீபேட், அதற்குள் இருக்கும் பேட்டரி போன்றவை தராசில் தெரிந்துவிடும். வாய்க்குள் செருகும் தகடு தெரியாது, அதன் எடை அவ்வளவு குறைவு. தராசு சரியென்று சொன்னதால் மட்டும் நிம்மதி அடையாதீர்கள்.

படி 2: அடையாளம் வைத்தல்

மூடி சேரும் கோட்டின் குறுக்கே, பின்பக்கத் திருகின் மேல், மினுமினுப்பு நெயில் பாலிஷ் ஒரு சொட்டு. காய்ந்ததும் போட்டோ. அந்தப் புள்ளிகளின் அமைப்பை மறுபடி யாராலும் அப்படியே வைக்க முடியாது. மெஷினையே மாற்றினாலும் காட்டிக் கொடுத்துவிடும். கார்டு வாயிலும் ஸ்பீக்கர் ஓட்டையிலும் படக்கூடாது. வங்கி ஒட்டிய ஸ்டிக்கரை மறைக்கவும் கூடாது.

படி 3: காலையில் இரண்டு நிமிடம்

கல்லாவைத் திறக்கிறவர் யாரோ அவரே செய்யட்டும், நோட்டில் கையெழுத்தும் போடட்டும்.

கீபேடின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பாருங்கள். அசைந்தாலோ தூக்கினாலோ அது மெஷினோடு பிறந்ததல்ல. பட்டன்கள் நேற்றைவிட உயரமாக, அமுக்கினால் கட்டியாக இருக்கின்றனவா? குற்றாலச் சாரல் காலத்தில் ஈரத்தால் பட்டன் ஒட்டிக்கொள்வது வழக்கம். ஆனால் ஈரம் ஒன்றிரண்டு பட்டனில்தான் தெரியும், போலிக் கீபேட் எல்லாப் பட்டனையும் ஒரே மாதிரி மாற்றிவிடும்.

பிறகு டார்ச்சால் கார்டு வாய்க்குள் பாருங்கள். உங்கள் கார்டு ஒன்றைச் செருகி எடுங்கள். வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தால், அல்லது ‘சிப் படிக்கவில்லை’ என்று அடிக்கடி வந்தால், அந்த மெஷினை ஓரம் கட்டுங்கள். தூசியும் காரணமாக இருக்கலாம். ஆனால் சிப் வேலை செய்யாமல் போனால் கடைக்காரர் கார்டைத் தேய்க்கத் தொடங்குவார். திருடனுக்கு வேண்டியதும் அதுதான், காந்தப் பட்டையைத்தான் எளிதில் நகல் எடுக்க முடியும். சிப் ஒவ்வொரு முறையும் புதுக் குறியீடு தருவதால் அப்படி நகல் ஆகாது. அதற்காகச் சும்மா விடவும் முடியாது. சிப்பிலிருந்து எடுத்த கார்டு எண்ணும் காலாவதித் தேதியும், ஓ.டி.பி. கேட்காத வெளிநாட்டு இணையக் கடைகளில் செலவாகும்.

கடைசியாக, அடியில் உள்ள சீரியல் நம்பர், திரையில் மெனுவில் காட்டும் நம்பர், நோட்டில் இருப்பது, மூன்றும் ஒன்றா? சீட்டில் உங்கள் கடைப் பெயரும் டி.ஐ.டி.யும் வருகிறதா? எடையை வாரம் ஒரு முறை பார்த்தால் போதும்.

கீபேடுக்கு நேர் மேலே புதிதாக முளைத்த பெட்டி, ஸ்டிக்கர், நோட்டீஸ் தாங்கி எதுவானாலும் எடுத்துப் பாருங்கள். கேமரா அங்கேதான் ஒளியும். கல்லா முன்னால் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். ஸ்டிக்கரையும் அப்போதே ஒரு முறை ஸ்கேன் செய்து பெயரைச் சரிபாருங்கள்.

படி 4: ‘ரிப்பேர் பார்க்க வந்திருக்கேன்’

மோசடி நடக்கும் முக்கியமான வழி இது. “அண்ணாச்சி, பேங்க்லேருந்து வாறேன், பழைய மெஷினக் கொடுங்க, புதுசு தாரேன்” என்று ஒருவர் வந்தால், அவர் நீட்டும் போனில் பேசாதீர்கள். வங்கி ஒப்பந்தத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழைத்து, இன்று இந்த மெஷினுக்கு ஆள் அனுப்பினீர்களா என்று கேளுங்கள். சரியென்றால் அடையாள அட்டை விவரம், வந்த நேரம், பழைய, புதிய சீரியல் நம்பர்கள் எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். கல்லாவில் நிற்கும் புதுப் பையனிடமும், “யார் கேட்டாலும் மெஷினக் கொடுக்காதப்பா, என்னக் கூப்பிடு” என்று முதல் நாளே சொல்லிவையுங்கள்.

படி 5: சந்தேகம் வந்துவிட்டால்

திரையில் ‘டாம்பர்டு’ அல்லது ‘அலர்ட் இரப்ஷன்’ என்று, அதாவது யாரோ மெஷினைத் திறந்ததாக எச்சரிக்கை வந்தால், அது எப்போதும் திருட்டல்ல. கீழே விழுந்திருக்கலாம், உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்திருக்கலாம். எதுவானாலும் அது கடையில் சரிசெய்யக்கூடியதல்ல. “நான் கிளியர் பண்ணித் தாரேன்” என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள், வங்கி மாற்றித் தரட்டும்.

மேலே ஏதோ ஒட்டியிருப்பது தெரிந்தால், பிய்த்துப் பார்க்கத்தான் கை துடிக்கும். பிய்க்க வேண்டாம், கைரேகை போய்விடும். அந்த மெஷினில் வியாபாரத்தை நிறுத்துங்கள். இருந்தபடியே போட்டோ எடுத்து, நேரத்தை எழுதி, ஓரங்களில் மட்டும் பிடித்து ஒரு கவரில் போட்டுப் பூட்டிவையுங்கள். உடனே வங்கிக்குப் போன். கடைசியாகச் சரியாக இருந்தது எந்தக் காலைச் சோதனையில், கண்டுபிடித்தது எப்போது, இந்த இரண்டு நேரத்தையும் சொல்லுங்கள். அந்த இடைவெளியில் ஓடிய கார்டுகளைத்தான் அவர்கள் தடுப்பார்கள். தினமும் நோட்டில் கையெழுத்து கேட்டது இதற்காகத்தான். கையெழுத்து இல்லையென்றால் ஒரு நாள் என்பது ஒரு மாதமாகிவிடும்.

அன்றே சி.சி.டி.வி. பதிவைப் பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். கேமரா பதிவைச் சேமிக்கும் டி.வி.ஆர். பெட்டி தன் பாட்டுக்குப் பழையதை அழித்துக்கொண்டே போகும்.

பணம் போன வாடிக்கையாளர் கேரளத்துப் புனலூர்க்காரராக இருக்கலாம், கடை தமிழ்நாட்டில் இருக்கலாம். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் பதிய 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. “அந்த ஸ்டேஷனுக்குப் போங்க” என்று திருப்பி அனுப்பினால் இதை எடுத்துச் சொல்லலாம். வாடிக்கையாளரிடம், முதலில் கார்டைத் தன் வங்கியில் முடக்கச் சொல்லுங்கள்.

மாற்று மெஷின் வந்ததும்

முதல் படியிலிருந்து எல்லாம் மறுபடி. கூடவே ஒரு ரூபாய்க்கு உங்கள் சொந்தக் கார்டையே போட்டு, அது உங்கள் கடைக் கணக்கில் செட்டில் ஆனதா என்று பார்த்த பிறகே கல்லாவில் வையுங்கள்.