அமெரிக்கா வருகிறீர்களா? ஊரில் ஓடும் எஸ்ஐபியை முதலில் பாருங்கள்

எச்1பி வேலை விசா கையில் வந்ததும் பெட்டி, பருப்புப் பொடி, வாடகை வீடு என்று ஓடுவோம். மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து மியூச்சுவல் ஃபண்டுக்குத் தானாகப் போகும் எஸ்ஐபி தவணை யாருக்கும் நினைவு வராது. ஆனால் இந்திய மியூச்சுவல் ஃபண்டுகளை அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் ‘பிஃபிக்’ (PFIC) என்ற வகையில் வைத்திருக்கிறது. வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்ற லாபம் இவற்றையே பெரும்பாலும் வருமானமாகக் கொண்ட வெளிநாட்டு நிறுவனங்களுக்கான வகை அது. காப்பீட்டோடு முதலீடும் சேர்ந்த யூலிப்பும் இதில் மாட்டலாம். டாடா, இன்ஃபோசிஸ் போன்ற கம்பெனிப் பங்குகளை நேரடியாக வைத்திருந்தால் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை.

அமெரிக்க ஃபண்டை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு மத்திய அரசின் வரி பெரும்பாலோருக்கு 15%. பிஃபிக்கில் கதையே வேறு. லாபத்தை வைத்திருந்த நாள்களுக்கெல்லாம் பிரித்து, நீங்கள் அமெரிக்காவில் இருந்த முந்தைய ஆண்டுகளின் பங்குக்கு அந்தந்த ஆண்டின் உச்ச விகிதத்தில் (இப்போது 37%) வரி போட்டு, தாமத வட்டியும் சேர்ப்பார்கள். உங்கள் சம்பளம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. எஸ்ஐபியில் ஒவ்வொரு தவணையும் தனிக் கொள்முதல் என்பதால், நான்கு ஃபண்டில் ஐந்து வருடம் கட்டியவருக்கு 240 கணக்கு. ஒவ்வொரு ஃபண்டுக்கும் ஐஆர்எஸ்ஸுக்குத் தரவேண்டிய 8621 படிவம் வேறு. சிபிஏ எனும் அமெரிக்கக் கணக்காளர்கள் பெரும்பாலும் படிவத்துக்கு இவ்வளவு என்றுதான் கேட்பார்கள்.

1986இல் இந்தச் சட்டம் வந்ததே நியாயத்தின் பெயரால்தான். அமெரிக்க ஃபண்டில் போட்டவர் ஆண்டுதோறும் வரி கட்ட, வெளிநாட்டு ஃபண்டில் போட்டவர் தள்ளிப்போட்டுக்கொண்டே போனார். அதை அடைத்தது சரிதான். ஆனால் சட்டத்திலேயே ஒரு சலுகை வழி உண்டு: ஃபண்ட் நிறுவனம் ஆண்டுக் கணக்கு அறிக்கை தந்தால் சாதாரண முறையில் வரி கட்டலாம். கேமன் தீவுகளில் உள்ள, பணக்காரர்களுக்கான ஹெட்ஜ் ஃபண்டுகள் சில அமெரிக்க முதலீட்டாளர்களுக்கு அதைத் தயாரித்துக் கொடுக்கின்றன. நம் ஊர் ஃபண்டுகள் பொதுவாகத் தருவதில்லை. யாருக்காக வலை விரித்தார்களோ அவர்கள் நழுவிவிட, மாதம் ஐயாயிரம் கட்டியவர் சிக்குகிறார். ஆண்டிறுதியில் மொத்த மதிப்பு 25,000 டாலருக்குள் (தம்பதியாகத் தாக்கல் செய்தால் 50,000) இருந்தால், அந்த ஆண்டில் விற்காதவரை படிவம் பொதுவாக வேண்டாம். அது படிவத்துக்கு மட்டும் கிடைக்கும் விலக்கு. விற்கும்போது வரி கட்டத்தான் வேண்டும்.

ஆகவே, அமெரிக்க வரிக் கணக்கில் ‘ரெசிடென்ட்’ ஆவதற்கு முன்பே விற்றுவிடுவது நல்லது. அப்போது இந்திய வரி மட்டும்தான்: ஈக்விட்டி ஃபண்டில் ஓராண்டு தாண்டியிருந்தால், ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5%. அக்டோபரில் முதல்முறையாக வந்திறங்குபவருக்கு ரெசிடென்ட் ஆக வேண்டிய 183 நாள் அந்த ஆண்டில் சேராது. பொதுவாக டிசம்பர் 31 வரை அவகாசம் உண்டு. ஆனால் மனைவியோடு சேர்ந்து கூட்டாகத் தாக்கல் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நில்லுங்கள். அதற்காக ஆண்டு முழுவதும் ரெசிடென்ட் என்று எழுதிக் கொடுத்தால் இந்த அவகாசம் போய்விடும். எஃப்1 விசாவில் வரும் மாணவர்களுக்குப் பொதுவாக ஐந்து காலண்டர் ஆண்டுகள் வரை கவலையில்லை.

விற்க மனமில்லையா? ஆண்டுதோறும் ஏறிய மதிப்புக்கு வரி கட்டும் ‘மார்க் டு மார்க்கெட்’ முறை உண்டு. அதை ரெசிடென்ட் ஆன முதல் ஆண்டிலேயே தேர்ந்தெடுக்க முடியுமா என்று, பிஃபிக் பார்த்துப் பழகிய சிபிஏவிடம் முதல் ரிட்டர்ன் போடுவதற்கு முன் கேளுங்கள். எஸ்ஐபியை மட்டும் இன்றே நிறுத்துங்கள்.