ஊர்ல பெரிய கம்பெனி மூடப்போகுதா? கேட் மூடுறதுக்குள்ள பண்ண வேண்டியது

நியூஸ் வந்ததும் டீக்கடைல எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், "வேற எவனாச்சும் வாங்கிருவான்". வாங்குவான்தான், ஆனா எப்போ? ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா 2014 நவம்பர் 1ல நின்னுச்சு, அந்த இடத்த சார்ஜர் பண்ற சால்காம்ப் கம்பெனி வாங்குற செய்தி வந்தது 2019ல. அது வரைக்கும் உங்க ஈஎம்ஐ நிக்குமா? மறைமலை நகர் ஃபோர்டு 2021 செப்டம்பர்ல அறிவிச்சு 2022 ஜூலைலதான் கடைசி கார் வந்துச்சு. இந்த மாதிரி நடுவுல கிடைக்கிற மாசங்கதான் நமக்கு டைம்.

பர்மனென்ட்ல இருக்கவங்க செட்டில்மென்ட் பேப்பர்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி, கிராஜுவிட்டி (பணிக்கொடை) தனியா வருதா இல்ல மொத்த தொகைக்குள்ளயே சேத்து பெருசா காட்டிருக்காங்களான்னு பாருங்க. கணக்கு ஈஸி: பேசிக், டிஏ சேத்து 26ஆல வகுத்து 15ஆல பெருக்கி சர்வீஸ் வருஷத்தால பெருக்கணும், 26,000 ரூபா, 10 வருஷம்னா ஒண்ணரை லட்சம். பிஎஃப்ல பேரு, பிறந்த தேதி தப்பா இருந்தா ஹெச்ஆர் சீட்ல ஆள் இருக்கும்போதே திருத்திக்கோங்க, அப்புறம் யார தேடுவீங்க. சர்வீஸ் 10 வருஷம் ஆகலைனா பிஎஃப்ல இருக்க பென்ஷன் பங்க எடுத்துடாம, பிஎஃப் ஆபீஸ்ல சர்வீஸ காட்டுற ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்கி வைங்க, அடுத்த வேலையோட சர்வீஸ் சேரும்.

காண்ட்ராக்ட் பசங்களுக்கு பேக்கேஜ்னு பெருசா எதுவும் வராது, இதுதான் கொடுமை. பே ஸ்லிப், ஐடி கார்டு எல்லாத்தையும் போட்டோ எடுத்து வைங்க. காண்ட்ராக்டர் சம்பளம் தரலைனா மெயின் கம்பெனிதான் தரணும்னு சட்டம் இருக்கு, ஆனா ஆபீஸ் நடக்குற வரைக்கும் கேட்டாதான் சுலபம்.

மெஸ், ரூம், வேன் வச்சிருக்கவங்களுக்கு நஷ்டஈடு தர யாருமே இல்ல, அதனால நீங்கதான் முதல்ல முழிச்சுக்கணும். அறிவிப்புக்கு முன்னாடியே ஓவர்டைம் கட் ஆகும், நைட் ஷிப்ட் பஸ் குறையும், வெண்டார் கம்பெனில ஆள எடுக்க மாட்டாங்க. அப்பவே கடன் நோட்ட மூடிருங்க, பையன் விழுப்புரம் பஸ் ஏறிட்டா பாக்கி வராது. ஹவுஸ் ஓனர்ங்க கவனிக்க வேண்டியது அட்வான்ஸ். எல்லா ரூமும் ஒரே மாசம் காலியாகும், எல்லாரும் ஒரே நேரத்துல அட்வான்ஸ திருப்பிக் கேப்பாங்க, அத வச்சு மாடி கட்டிருந்தா மாட்டிக்குவீங்க, இப்பவே கொஞ்சம் கொஞ்சமா ஒதுக்குங்க. வாடகைய குறைச்சு ஃபேமிலிக்கு விட முடியுமான்னும் பாருங்க. வேன் லோன் இருந்தா ஸ்கூல் டிரிப் பிடிங்க, அதுவும் ஜூனுக்கு முன்னாடியே பேசிடணும்.