பேஸ்போல் சீசனைக் கணிக்கப் போகிறீர்களா? மைதானத்தில் இருந்து தொடங்குங்கள்

மார்ச் கடைசியில் மேஜர் லீக் என்ற அமெரிக்கத் தொழில்முறை பேஸ்போல் தொடரின் சீசன் தொடங்கும். அதற்கு முந்தைய வாரம் நான் ஒரு கொப்பியோடு உட்கார்ந்து, 30 அணிகளும் தலைக்கு எத்தனை ஆட்டம் வெல்லும் என்று எழுதி வைப்பேன். நீங்களும் செய்து பாருங்கள், ஆனால் வீரர்களின் பெயரில் தொடங்காதீர்கள். ஒரு அணி 162 ஆட்டத்தில் 81ஐச் சொந்த மைதானத்தில்தான் ஆடுகிறது, அதனால் மைதானம் தெரியாமல் வீரர்களின் எண்களை நம்பவே முடியாது.

ஓடித் தொட வேண்டிய பேஸுக்குப் பேஸ் 90 அடி, பந்து வீசும் பிட்சர் நிற்கும் இடத்தில் இருந்து, அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட் 60 அடி 6 அங்குலம், இது எங்கேயும் மாறாது. வெளிவேலிதான் ஊருக்கு ஊர் வேறு. பாஸ்டனில் 1912இல் திறந்த ஃபென்வே பார்க் எனக்கு உயிர். இடது மூலை 310 அடிதான், ஆனால் அங்கே 37 அடி உயரத்துக்குப் பச்சைச் சுவர் நிற்கிறது. வேறு ஊரில் சும்மா பிடிபட்டிருக்கும் உயரமான பந்து இங்கே சுவரைத் தாண்டிவிடும், வேறு ஊரில் வேலியைத் தாண்டி ஹோம் ரன் ஆகியிருக்கும் தாழ்வான அடி சுவரில் மோதித் திரும்பி வரும்.

காற்றைப் பற்றித் திருகோணமலை ஆட்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. டச்பே கரையில் டெனிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடியிருந்தால் தெரியும், கச்சான் அடிக்கும்போது கடல் பக்கம் தூக்கி அடித்த பந்தை நீந்தித்தான் எடுக்க வேண்டும், கடற்காற்று திரும்பிவிட்டால் அதே அடி பாதியிலேயே விழும். சிகாகோ ரிக்லி ஃபீல்டும் அப்படித்தான். மிச்சிகன் ஏரிக் காற்று பந்தை உள்ளே தள்ளும், தெற்கில் இருந்து அடித்தால் வெளியே தூக்கிக்கொண்டு போகும். ஏப்ரல் குளிரில் அங்கே ஹோம் ரன் குறைந்தால் அடிப்பவர்களைக் குறை சொல்லாதீர்கள்.

கொலராடோ அணியின் சொந்த மைதானமான டென்வரின் கூர்ஸ் ஃபீல்ட் கடல் மட்டத்தில் இருந்து கிட்டத்தட்ட ஒரு மைல் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்தது, பந்து தூரம் பறக்கும், வளைய வேண்டிய பந்தும் சரியாக வளையாது. கொலராடோ வீரர் ஒருவரை எடைபோட, வெளியூரில் அவர் அடித்ததைத் தனியாகப் பாருங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். போன வருடம் அணி எடுத்த ஓட்டத்தின் வர்க்கத்தை, எடுத்த ஓட்டம், விட்ட ஓட்டம் இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வரும் தொகையால் வகுத்து 162ஆல் பெருக்குங்கள். பேஸ்போல் புள்ளிவிவரங்களை ஆராய்ந்து எழுதிய பில் ஜேம்ஸ் தந்த சூத்திரம் இது. 800 எடுத்து 700 விட்ட அணிக்கு ஏறத்தாழ 92 வெற்றி வரும். அந்த அணி உண்மையில் 99 வென்றிருந்தால் அதிர்ஷ்டம் கை கொடுத்திருக்கிறது, இந்த முறை இறங்கும் என்று எழுதலாம். அப்புறம்தான் யார் வந்தார், யார் போனார், எந்தப் பிட்சருக்குக் கையில் காயம் என்று பார்த்து இரண்டு மூன்று வெற்றியைக் கூட்டிக் குறைக்க வேண்டும். சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்ட முடிவுகளைத் தொடவே வேண்டாம்.

கடைசியில் 30 அணிகளின் வெற்றிகளையும் கூட்டுங்கள், 2430 வர வேண்டும். எனக்கு முதல் தடவையில் எப்போதும் கூடத்தான் வரும், பிடித்த அணிகளுக்கு அள்ளிக் கொடுத்திருப்பேன். தாட்சண்யம் பார்க்காமல் வெட்டுங்கள்.

நியூயோர்க்கில் மாலை 7:05 ஆட்டம் என்றால் இலங்கையில் நமக்கு விடிய 4:35, வேலைக்குப் போகிறவர்களுக்குக் கஷ்டம். ரிக்லியின் பகல் 1:20 ஆட்டம் கோடையில் நமக்கு இரவு 11:50க்கு வரும், அதில் தொடங்குங்கள். முதல் பந்துக்கு முன்னால் ஸ்கோர்போர்டுக்கு மேலே கொடிகள் எந்தப் பக்கம் பறக்கின்றன என்று பார்த்துக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்.