நீர் குடித்த பைபர்கிளாஸ் படகைச் சீரமைக்கும் முறை

பழைய பைபர்கிளாஸ் மோட்டார் படகை வாங்கியவர்கள் முதலில் கை வைப்பது பெரும்பாலும் வெளியே தெரியும் விரிசலில்தான். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டக் கொட்டகையில் கிடந்த 14 அடிப் படகில் நானும் அப்படித்தான் தொடங்கினேன். மார்கழிப் பனியில் பூசிய ரெசின் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) இரண்டு நாளாகியும் விரலில் ஒட்டியது. 15 டிகிரிக்குக் கீழே குளிர் இறங்கினால் பாலியெஸ்டர் ரெசின் சரியாக இறுகாது என்பதும், உண்மையான கோளாறு விரிசலில் இல்லை, உள்ளே நிரப்பியிருந்த ஃபோமில் (நுரைப்பஞ்சில்) இருந்தது என்பதும் பிறகுதான் விளங்கின.

படகு கவிழ்ந்து நீர் நிறைந்தாலும் மிதக்க வேண்டும் என்பதற்காகத் தளத்துக்கும் அடிப்பகுதிக்கும் இடையே பாலியூரித்தேன் ஃபோம் நிரப்பப்படுகிறது. 300 லிட்டர் இடத்தை நிரப்பும் உலர்ந்த ஃபோம் ஏறத்தாழ 10 கிலோதான் இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு நீரால் நிறைந்தால் 100 கிலோ கூடிவிடும். ஆகவே முதல் வேலை எடை போடுவது. ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, குட்டியானை எனப்படும் சிறு சரக்கு வண்டியில் படகைச் சேலத்துக்கு இறக்கியதும், எடைமேடையில் வண்டியோடு ஒரு முறையும் வெறும் வண்டியாக ஒரு முறையும் நிறுத்தி, வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டேன்.

அடுத்ததாகச் சிறு சுத்தியலால் தளத்தையும், மோட்டார் மாட்டும் பின்பலகையையும் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். ஊறிய இடம் மொத்தையாக ஒலிக்கும். அங்கே தளத்தை வெட்டித் திறந்தால், பழுப்பேறிய ஃபோமைக் கையால் பிழியும்போதே நீர் வடியும். அதை அரைகுறையாக விட்டுவிடாமல் முழுவதும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். பின்பலகையின் மரம் இற்றிருந்தால், ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள, நீரைத் தாங்கும் மரைன் பிளைவுட்டால் மாற்றுங்கள்.

பிறகு உலர்த்துதல். சேலத்துப் பங்குனி வெயில் இதற்கென்றே வாய்த்தது என்பேன். முன்பக்கத்தை உயர்த்தி வைத்துச் சில வாரங்கள் விடுங்கள். ஓரிடத்தில் பாலிதீன் தாளை நான்கு ஓரமும் ஒட்டி, மறுநாள் உட்புறம் பாருங்கள். முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் இன்னும் காயவில்லை.

விரிசலைச் சுற்றித் தேய்க்கும்போது முகமூடியும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். படகுச் சுவரின் 3 மில்லிமீட்டர் தடிமனுக்கு 36 மில்லிமீட்டர் அகலம் சரிவாகத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை விரிப்பை (மேட்) மூன்று நான்கு அடுக்காக ரெசினில் நனைத்து, உருளையால் காற்றுக் குமிழ்களை வெளியேற்றுங்கள். கடையில் ரெசின், இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் திரவம், இறுகச் செய்யும் ஹார்ட்னர் என மூன்றும் தனித்தனியாகக் கிடைக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே, ஒரு கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி ஹார்ட்னரைச் சேர்க்க வேண்டும். கோபால்ட்டும் ஹார்ட்னரும் நேரடியாகக் கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். சேலத்து வெப்பத்தில் கலவை விரைவில் இறுகிவிடும் என்பதால், அரைக் கிலோவுக்கு மேல் ஒரே நேரத்தில் கலக்காமல் மாலை நிழலில் வேலை செய்வது நல்லது.

செலவு குறையும் என்று தெர்மாகோலை நிரப்பச் சொல்பவர்கள் உண்டு. பாலியெஸ்டர் ரெசின் பட்டதும் அது கரைந்து குழியாகிவிடும். இரண்டு திரவங்களைச் சம அளவில் கலந்து ஊற்றும் பாலியூரித்தேன் ஃபோமையே பயன்படுத்துங்கள். அது இருபது மடங்குக்கு மேல் பொங்குவதால், ஒரேயடியாக ஊற்றினால் தளமே புடைத்துவிடும். சிறிது சிறிதாக, முந்தைய ஊற்று ஆறிய பின் ஊற்ற வேண்டும். அதற்கு முன்பே, பாதியாகப் பிளந்த பிவிசி குழாயை அடித்தட்டின் நடுவே கவிழ்த்து வைத்து, பின்பக்க வடிகால் துளை வரை நீருக்கு வழி விட்டுவிடுங்கள். பழைய படகில் அந்த வழி இல்லாததால்தான் உள்ளே புகுந்த நீர் வெளியேற முடியாமல் கிடந்து ஃபோமை ஊறவைத்தது.

தளத்தை மூடி, ஜெல்கோட் என்னும் மேற்பூச்சைப் பூசிய பிறகு மீண்டும் எடைமேடைக்குச் சென்று பழைய கணக்கோடு ஒப்பிடுங்கள். படகைக் குளத்தில் ஒரு வாரம் மிதக்கவிட்டுக் கரையேற்றி, வடிகால் அடைப்பானைத் திறந்து பாருங்கள். சொட்டு நீரும் வராவிட்டால் மோட்டாரை மாட்டலாம்.