ஓட்ஸ் கொழகொழக்காமல்: உப்புமா, இக்கான் பிலிஸ் கஞ்சி, கூலா மலாக்கா ஓட்ஸ்

கடையில் எந்த ஓட்ஸ் பொட்டலத்தை எடுக்கிறோம் என்பதிலேயே பாதிச் சமையல் முடிவாகிவிடுகிறது. கோலாலம்பூர் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பவை மூன்று: இன்ஸ்டன்ட், குயிக் குக், ரோல்டு. மூன்றும் ஒரே தானியம்தான். ஆவியில் வேகவைத்து, உருளையில் நசுக்கி, அவல் போலத் தட்டையாக்கியவை. ரோல்டு ஓட்ஸ் முழு மணியை நசுக்கியது, கெட்டி அவல் மாதிரி இருக்கும். குயிக் குக் அதைவிடச் சிறிது, மெல்லியது. இன்ஸ்டன்ட் மிக மெல்லியது, சுடுநீர் பட்டதும் கரைந்துவிடும். ஸ்டீல் கட் என்று உடைத்த கோதுமை போல ஒன்றும் உண்டு. அது வேக 25 முதல் 30 நிமிடம் ஆகும் என்பதால் வேலைநாள் பசியாறலுக்கு ஒத்துவராது.

ஒரே ஒரு பொட்டலம்தான் வாங்குவதென்றால் ரோல்டு வாங்குங்கள். கஞ்சிக்கு வேண்டும்போது மிக்சியில் இரண்டு சுற்று விட்டால் குயிக் குக் அளவுக்கு வந்துவிடும். இன்ஸ்டன்டை ரோல்டாக மாற்ற வழியில்லை.

கொழகொழப்புக்குக் காரணம் பீட்டா குளுக்கன் என்ற நார்ச்சத்து. தண்ணீரில் கரைந்து அதைக் கெட்டியாக்குவது அதன் இயல்பு. கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவுவதும் இதுதான். நாளுக்கு 3 கிராம் என்ற அளவை வைத்து அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997-இல் ஓட்ஸ் இதய நோய் அபாயத்தைக் குறைக்கலாம் என்ற வாசகத்தைப் பொட்டலத்தில் போட அனுமதித்தது. ஆகவே ஓட்ஸைக் கழுவிக் கொழகொழப்பைப் போக்கும் வேலை வேண்டாம். உப்புமாவில் அதை அடக்க வேண்டும், கஞ்சியில் இழுத்து வெளியே கொண்டுவர வேண்டும். இரண்டுக்கும் கருவி தண்ணீர்தான்.

உதிரியான உப்புமா (இரண்டு பேருக்கு)

ரோல்டு ஓட்ஸ் 1 கப். கப் என்றால் 240 மில்லி, எடையில் ஏறக்குறைய 90 கிராம். எண்ணெய் ஒன்றரை மேசைக்கரண்டி, கடுகு அரைத் தேக்கரண்டி, உளுத்தம்பருப்பு ஒரு தேக்கரண்டி, காய்ந்த மிளகாய் 2, இஞ்சி, பச்சை மிளகாய், ஒரு கொத்துக் கறிவேப்பிலை, நடுத்தர வெங்காயம் ஒன்று, பொடியாக நறுக்கிய கேரட்டும் பீன்ஸும் அரை கப், உப்பு அரைத் தேக்கரண்டி.

வெறும் குவாலியில் (வாணலியில்), நடுத்தரத்துக்கும் குறைந்த தீயில், ஓட்ஸை 5 முதல் 6 நிமிடம் வறுங்கள். நிறம் மாறும்வரை காத்திருக்காதீர்கள். வறுத்த கடலை வாசம் வந்ததும் தட்டில் கொட்டிப் பரப்பி ஆறவிடுங்கள். சூடான குவாலியிலேயே விட்டால் அடியில் இருப்பது கருகிக் கசக்கும்.

பலருக்கும் உப்புமா கெடுவது அடுத்த படியில். ரவைக்குச் செய்வதுபோல் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அதில் ஓட்ஸைக் கொட்டினால் உப்புமா வராது, களிதான் வரும். ரவை கொதிநீரில் வெந்தாக வேண்டும். ஓட்ஸ் ஆலையிலேயே பாதி வெந்து வருவது, அதற்கு ஈரமும் ஆவியும் போதும். 100 மில்லி சாதாரணத் தண்ணீரில் உப்பைக் கரையுங்கள். ஆறிய ஓட்ஸின் மேல் கையால் தெளித்துத் தெளித்து, புட்டுமாவு பிசறுவதுபோல விரல் நுனியால் பிசறுங்கள். அழுத்தக் கூடாது. 5 நிமிடம் ஊறட்டும். உப்பைத் தண்ணீரிலேயே சேர்ப்பதற்குக் காரணம் உண்டு: பிறகு தூவினால் பரவாது, பரவ வேண்டுமென்று கிளறினால் அவல் உடைந்து குழையும்.

தாளிப்பு வழக்கம்போல. வெங்காயம் வதங்கியதும் காய்களைப் போட்டு, வேண்டுமானால் சிறிது தண்ணீர் தெளித்து மூடி வேகவிடுங்கள். காய் வெந்தபின் மூடியைத் திறந்து, அதிலுள்ள ஈரம் முழுதும் வற்றும்வரை வதக்குங்கள். இதை விட்டுவிட்டால் அளந்து தெளித்த தண்ணீருக்கு அர்த்தமே இல்லாமல் போகும். தக்காளி சேர்க்க வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான்.

இனி ஊறிய ஓட்ஸைச் சேர்த்து இரண்டே புரட்டு. மேலே 3 மேசைக்கரண்டி தண்ணீரைத் தெளித்து, மூடி, மிகக் குறைந்த தீயில் 3 நிமிடம். தீயை அணைத்தபின் மேலும் 2 நிமிடம் மூடியபடியே இருக்கட்டும். பிறகு முள்கரண்டியால் கீழிருந்து மேலாகக் கிளறிவிடுங்கள். தட்டையான கரண்டி மசித்துவிடும். கடைசியாக லீமாவ் கஸ்தூரி (எலுமிச்சை வகைச் சிறு பழம்) இரண்டு பிழியுங்கள். எலுமிச்சையைவிட இதன் மணம் ஓட்ஸுக்கு நன்றாகப் பொருந்துகிறது. அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் மணம் போய்விடும்.

இக்கான் பிலிஸ் கஞ்சி

இங்கே எல்லாம் தலைகீழ்: வறுக்க வேண்டாம், நிறையத் தண்ணீர், நன்றாகக் கிளறுதல். தலையும் வயிறும் நீக்கிய இக்கான் பிலிஸ் என்ற காய்ந்த நெத்திலி 20 கிராம் (வயிற்றோடு போட்டால் சாறு கசக்கும்), இஞ்சி 3 வில்லை, தட்டி நசுக்கிய செராய் (எலுமிச்சைப் புல்) ஒரு தண்டு. இவற்றை 600 மில்லி தண்ணீரில் 10 நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு வடிகட்டினால் ஏறக்குறைய இரண்டு கப் சாறு கிடைக்கும். அதில் குயிக் குக் ஓட்ஸ் அரை கப் சேர்த்து, குறைந்த தீயில் விடாமல் கிளறினால் 4 நிமிடத்தில் வெந்துவிடும். ஓட்ஸ் பால் போலப் பொங்கும், ஆகவே பெரிய பாத்திரமாக வையுங்கள். நீங்கள் விரும்பும் பதத்துக்கு முன்பே, இன்னும் நீர்க்க இருக்கும்போதே இறக்குங்கள். கிண்ணத்தில் ஆறும்போது தானே இறுகும். பிலிஸில் உப்பு இருப்பதால் சுவைத்துப் பார்த்தபிறகே உப்பு.

மேலே பொரித்த பிலிஸ், பொரித்த சின்ன வெங்காயம், வெங்காயத்தாள், வெள்ளை மிளகுத்தூள், பாதி அவித்த முட்டை. பக்கத்தில் ஒரு கரண்டி சம்பால். பொரிக்கும் பிலிஸைக் கழுவினால் துணியில் ஒற்றி நன்றாக உலரவிட்ட பிறகே எண்ணெயில் போடுங்கள், இல்லையென்றால் தெறிக்கும்.

கூலா மலாக்கா ஓட்ஸ்

இரவே ஊறவைத்து, காலையில் அடுப்பு மூட்டாமல் சாப்பிடுவது. மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் ரோல்டு ஓட்ஸ் அரை கப், பால் அரை கப், ஒரு சிட்டிகை உப்பு. 6 முதல் 8 மணி நேரம் ஃபிரிட்ஜில். நம் ஊர் வெக்கையில் மேசை மேல் வைத்து ஊறவைக்கக் கூடாது, பால் கெட்டுவிடும்.

பாகுக்கு: நறுக்கிய கூலா மலாக்கா (தென்னங்கருப்பட்டி) 100 கிராம், தண்ணீர் 60 மில்லி, முடிச்சுப் போட்ட பண்டான் இலை ஒன்று. கரைந்து ஒரு கொதி வந்ததும் வடிகட்டுங்கள், தூசி தும்பு இருக்கும். ஒரு கிண்ணத்துக்கு ஒன்றரை மேசைக்கரண்டி போதும்.

சந்தானை (தேங்காய்ப்பாலை) இரவே கலக்காதீர்கள். தேங்காய்க் கொழுப்பு 24 டிகிரிக்குக் கீழே உறைவது, ஃபிரிட்ஜில் வெள்ளைக் கட்டிகளாகத் திரண்டு வாயில் மெழுகு போல ஒட்டும். காலையில் இரண்டு மேசைக்கரண்டி ஊற்றிக் கலந்தால் போதும். பாசாரில் பிழிந்து விற்கும் சந்தானுக்குத்தான் சுவை. ஆனால் சீக்கிரம் புளிக்கும், வாங்கிய அன்றே கறிக்குப் பயன்படுத்துங்கள். இதற்குப் பெட்டிச் சந்தானே பாதுகாப்பு.

அன்னாசியும் பப்பாளியும் இதே கதை. அவற்றிலுள்ள நொதி பாலின் புரதத்தை உடைப்பதால் காலையில் கசக்கும். சாப்பிடும்போது சேருங்கள். மாம்பழத்துக்கு இந்தத் தொல்லை இல்லை.

பிற்சேர்க்கை, வாசகர் கேட்டவற்றுக்கு

வீட்டில் இன்ஸ்டன்ட் மட்டும் இருந்தால் உப்புமா வருமா? ஓரளவு வரும். 3 நிமிடம் வறுத்து, 4 மேசைக்கரண்டி தண்ணீர் மட்டும் தெளித்து, மூடாமல் இரண்டு நிமிடம் புரட்டி இறக்குங்கள். ரோல்டு போல உதிராது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இன்ஸ்டன்டைத் தவிர்ப்பது நல்லது, அது இரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும்.

வெள்ளிக்கிழமை சைவம் என்றால் பிலிஸுக்குப் பதில் காய்ந்த சீனக் காளான் 3 எடுத்து அரை மணி நேரம் ஊறவையுங்கள். ஊறிய தண்ணீரையும் வடிகட்டிச் சாறில் சேருங்கள்.

எப்படிச் செய்தாலும் கசக்கிறது என்றால் ஓட்ஸே சிக்கெடுத்திருக்கலாம். மற்ற தானியங்களைவிட இதில் எண்ணெய் அதிகம். பழைய எண்ணெய் வாடை வந்தால் வீசிவிடுங்கள். பொட்டலத்தைப் பிரித்ததும் காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள், வண்டும் வராது. வெளியே எடுத்த டப்பாவை உடனே திறக்காமல் சிறிது நேரம் விட்டுத் திறங்கள். இங்குள்ள ஈரக் காற்று குளிர்ந்த ஓட்ஸில் பட்டால் வியர்த்துக் கட்டிபிடிக்கும்.