அப்பாவின் புல்லட் கார்புரேட்டர்: மூன்றாவது முறைதான் சுத்தமானது

அப்பா சென்னையில் ஓட்டிய 1989 புல்லட் 350, பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே நாலு வருஷம் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. போன மழைக்காலத்தில் வெளியே எடுத்து உதைத்தால், சோக் (ஸ்டார்ட் செய்யக் கூடுதல் பெட்ரோல் விடும் அமைப்பு) போட்டால் மட்டும் ஸ்டார்ட் ஆகிறது. சோக்கை எடுத்த நொடியே அணைந்துவிடுகிறது. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் காட்டியபோது, “கார்புரேட்டரையே மாத்திடுங்க சார்” என்றார்கள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம் அது. மாற்றவில்லை. மூன்று முறை கழற்றி மாட்டினேன். முதல் இரண்டு முறையும் செய்தது ஒரே தப்பு.

என் வண்டியில் இருப்பது மிக்குனி வகையைச் சேர்ந்த மிக்கார்ப் விஎம்24. உங்களிடம் யமஹா ஆர்எக்ஸ்100 இருந்தாலும் உள்ளே அமைப்பு கிட்டத்தட்ட இதேதான், அளவுதான் மாறும்.

கழற்றுவது

பெட்ரோல் டேப்பை மூடி, ட்யூபை உருவி, கார்புரேட்டரை வெளியே எடுங்கள். ஆக்ஸிலேட்டர் கேபிளோடு மேல்மூடியும், முறுக்கினால் மேலே ஏறி வழிவிடும் ஸ்லைடும் தொங்கும். அவற்றைக் கேபிளிலிருந்து பிரிக்க வேண்டாம். ஒரு துணியில் சுற்றித் தொங்க விடுங்கள். ஸ்லைடுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் ஊசி வளைந்தால் வேலை கெட்டது.

அடிக்கிண்ணத்தின் ஸ்க்ரூக்களில் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் தலை மழுங்கிவிடும். இவற்றின் தலை ஜப்பானிய ஜேஐஎஸ் அளவு. அதற்கென்றே ஸ்க்ரூடிரைவர் கிடைக்கிறது, ஒன்று வாங்கி வையுங்கள். இருபது துண்டு செட் வாங்குவதைவிட இந்த ஒன்று மேல்.

கிண்ணத்தைத் திறந்தபோது வெல்லப்பாகு ஆறி உறைந்த மாதிரி ஒரு பழுப்புப் படிவு. பெட்ரோல் வாசனையே இல்லை, வார்னிஷ் வாசனை. பெட்ரோல் ஆவியாகிப்போய் மிச்சம் நிற்கும் பிசின் அது. அடைப்பு எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம்.

மிதவை, அதன் ஊசி, மெயின் ஜெட், பைலட் ஜெட், எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சின்னத் துண்டு. பைலட் ஜெட் ஆழத்தில் உட்கார்ந்திருக்கும், பித்தளை. பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் அகல முனை ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் தொடாதீர்கள். காற்று நுழையும் வாய்ப்பக்கம் இருக்கும் சின்ன ஸ்க்ரூ, ஏர் ஸ்க்ரூ. அதைக் கழற்றும் முன் மெதுவாக உள்ளே முடுக்கி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். என்னுடையது ஒன்றரைச் சுற்று. முட்டியபிறகு அழுத்தினால் அதன் கூர்முனை நசுங்கிவிடும். சின்ன ஓ-ரிங் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும், தேடி எடுங்கள்.

கழுவுவது

ரப்பர், பிளாஸ்டிக் எதுவும் கார்புரேட்டர் உடம்பில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடியுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு துளையில் அடித்தால் எதிர்பாராத இன்னொரு துளை வழியாக நேரே கண்ணுக்கு வரும். எனக்கு வந்தது. மாடியிலோ வாசலிலோ, காற்றோட்டமான இடத்தில், பீடி சிகரெட் பிடிக்கிறவர்களைத் தள்ளி நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

புளித்தண்ணீரில் கொதிக்க வைத்தால் பளபளவென்று ஆகும் என்று மாமா ஒருவர் சொன்னார். பித்தளைக் குத்துவிளக்குக்குச் சரி. வார்ப்பு உலோகத்தில் வேண்டாம், கறுத்துப்போகும்.

இப்போது நான் சறுக்கிய இடம். பைலட் ஜெட்டை எடுத்து ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். தலைமுடி தடிமனுக்கு ஒரு துளை, அதில் புள்ளியாய் வெளிச்சம் தெரிந்தது. சரி, சுத்தம் என்று மாட்டிவிட்டேன். வண்டி அதே மாதிரி அணைந்தது. மறுபடி கழற்றி, ஜெட்டை இன்னும் தேய்த்து, மறுபடி மாட்டினேன். அதே கதை.

அடைப்பு ஜெட்டில் இல்லை, ஜெட்டுக்குப் பிறகு வரும் வழியில் இருந்தது. பைலட் ஜெட் வழியாக ஏறும் பெட்ரோல், ஏர் ஸ்க்ரூ பக்கத்திலிருந்து வரும் காற்றோடு கலந்து, பெரிய குழாயில் ஸ்லைடுக்கு அந்தப்பக்கம், எஞ்சின் பக்கமாக, ஊசி முனை அளவுள்ள துளையில் வெளியே வருகிறது. ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரை முறுக்காதபோது, வண்டி உயிரோடு இருப்பது அந்தத் துளையால்தான். சோக் போட்டால் பெட்ரோல் தனி வழியில் வருவதால் ஸ்டார்ட் ஆகிறது, எடுத்தால் சாகிறது.

ஆகவே இப்படிச் சோதியுங்கள். பைலட் ஜெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஏர் ஸ்க்ரூ துளையில் ஸ்ப்ரேயின் மெல்லிய குழாயை வைத்து அடியுங்கள். மூன்று இடத்தில் வெளியே வர வேண்டும்: ஜெட் இருந்த பள்ளம், வாய்ப்பக்கக் காற்றுத்துளை, குழாய்க்குள் இருக்கும் அந்தச் சின்னத் துளை. எனக்கு மூன்றாவதில் வரவே இல்லை. அடித்து, கால்மணி நேரம் ஊறவிட்டு, தெருமுனை பங்ச்சர் கடை அண்ணனிடம் கொண்டுபோய்க் கம்ப்ரஸர் காற்று ஊதச் சொன்னேன். நாலாவது ஊதலில் மிளகு அளவு கறுப்புத் துணுக்கு தெறித்து அவர் சட்டையில் ஒட்டியது. “இதுக்கா மூணு வாரம் சுத்தினீங்க?” என்று சிரித்தார்.

ஜெட்டுக்குள் எஃகுக் கம்பியோ கிடார் கம்பியோ விடாதீர்கள். பித்தளைத் துளை பெரிதாகிவிட்டால் திரும்பாது. கட்டாயம் என்றால் மல்டி-ஸ்ட்ராண்ட் வயரிலிருந்து ஒரே ஒரு செம்பு இழை.

மாட்டுவது

கேஸ்கெட்டும் மிதவை ஊசியும் புதிதாகப் போடுங்கள். ஜே.சி. ரோட்டில் ரிப்பேர் கிட்டாகக் கிடைத்தது. சிவாஜிநகர் குஜரியில் (பழைய சாமான் சந்தை) பழைய கார்புரேட்டரே கிடைக்கும்தான், ஆனால் உள்ளே தேய்ந்த ஸ்லைடை வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். தளதளவென்றால் ஓட்டை. கிண்ணத்தை மூடும் முன் மிதவையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெட்ரோல் வரும் குழாயில் ஊதுங்கள். காற்று போகக்கூடாது.

ஸ்லைடில் வெட்டு இருக்கும் பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும் முன் ஆக்ஸிலேட்டரை முறுக்கி விடுங்கள். ‘டக்’ என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் உதைக்காதீர்கள், எஞ்சின் முழு வேகத்திலேயே சிக்கிக்கொள்ளும்.

எஞ்சின் பத்து நிமிஷம் சூடானபிறகு ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்றாகத் திருப்பி, ஐடில் எங்கே அதிகமாகிறதோ அங்கே நிறுத்துங்கள். அப்புறம் ஐடில் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறையுங்கள். பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர். இங்கே காற்று கிட்டத்தட்ட 8% அடர்த்தி குறைவு. சென்னையில் செட் செய்த வண்டி இங்கே கொஞ்சம் பெட்ரோல் தூக்கலாக ஓடும். அப்பா வைத்திருந்த ஒன்றரைச் சுற்று, இப்போது ஒன்றே முக்காலில் நிற்கிறது.

பின்சேர்க்கை 1: இ20, அதாவது 20% எத்தனால் கலந்த பெட்ரோல் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். 2023 பிப்ரவரியில் அறிமுகமானதே இந்த ஊரில்தான். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் பதம் பார்க்கும். ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் டேப்பை மூடி, கிண்ணத்தில் இருப்பதை வடித்துவிடுங்கள்.

பின்சேர்க்கை 2: ஓசூரிலிருந்து ஒருவர், தாத்தாவின் டிராக்டருக்கும் இதே முறையா என்று கேட்டார். டீசல் டிராக்டர் என்றால் கார்புரேட்டரே கிடையாது, இன்ஜெக்டரும் பம்பும்தான். அவர் அனுப்பிய படத்தில் இருந்தது சாம்பல் நிற ஃபெர்குசன் டிஇ20, 1946 முதல் 1956 வரை வந்த வண்டி. பெட்ரோல் எஞ்சின், ஜெனித் கார்புரேட்டர். அதில் காற்று கீழிருந்து மேலே போகும். அதனால் மிதவை ஊசி ஒழுகினால் பெட்ரோல் தரையில் சொட்டும், உடனே தெரிந்துவிடும். துளைகளில் ஊதிப் பார்க்கும் வேலை அதற்கும் இதேதான். அவருக்கும் முதல் முறை அணைந்துவிட்டதாம், இரண்டாவது முறை ஊதப்போகிறார்.